வடக்குத்து எங்கே இருக்கிறது?

நீளமான பதிவு இது. திட்டுவதாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வெளியூர்க்காரர் ஒருவர் முதல்முறையாக நம் ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகிற நெடுஞ்சாலையில் பஸ்ஸில் வருகிறார். பண்ருட்டி தாண்டியாயிற்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இது வடக்குத்து என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது. கடைப் பலகைகளில் பாதிக்குமேல் 'நெய்வேலி' என்றுதான் போட்டிருக்கிறோம். ஊர்ப் பெயர் எழுதிய பலகையின் மேல் மூலம், பௌத்திரத்துக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம் ஒட்டியிருக்கிறது.

ஆனால் அவருக்கு வேறு பல விவரங்கள் தெரிந்துவிடும். யார் வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து, எந்தத் தலைவருக்குப் பிறந்தநாள், எந்தப் பயிற்சி மையத்தில் பணம் கட்டினால் டாக்டர் ஆகலாம், எந்த நகரில் மனை பதிவு செய்தால் தங்கக் காசு இலவசம், எந்த வீட்டில் எந்தப் பெண் வயதுக்கு வந்திருக்கிறாள். எல்லாம் தெரியும். தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது மட்டும் தெரியாது.

இதைப் பற்றி டீக்கடையில் பேசியபோது என்னிடம் படித்த ஒரு தம்பி கேட்டார்: "சார், ஊரு அழகா இருந்தா என்ன, அசிங்கமா இருந்தா என்ன? அழகைப் பாத்தா வயிறு நிறையுமா?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் பேச வந்தது அழகைப் பற்றி அல்ல, தம்பி. இடத்தைப் பற்றி. சாலையோரம் யாருடைய இடம் என்பதைப் பற்றி.

பலாப்பழக் காலத்தில் ஒரு அம்மா நாலு பழத்தையும் ஒரு தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு வந்து சாலையோரம் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் வந்து "ஏம்மா, இது கவர்மெண்ட் இடம், எழுந்திரு" என்கிறார். அந்த அம்மாவும் எழுந்துவிடுகிறார். அதே இடத்தில் இருபது அடி அகலத்துக்குப் பேனர் வைத்தால் ஒரு மாதம் ஆனாலும் கேட்க ஆள் இல்லை. பிழைப்புக்காக உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பு. தன் முகத்தைக் காட்டுவதற்காக வைத்தால் வாழ்த்து. இதில் எனக்கு வருகிற கோபம் அழகுணர்ச்சியினால் வருகிற கோபம் இல்லை என்பது புரிகிறதா?

பேனரில் இருப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் தலைவர். கீழே வாழ்த்துகிறவர், கைகூப்பியபடி அல்லது போனில் பேசியபடி. சுற்றிலும் வட்டவட்டமாக இருபது, முப்பது முகங்கள். வாழ்த்தப்படுகிற தலைவர் இந்தச் சாலை வழியாக வரப் போவதே இல்லை. பேனர் அவருக்காக வைத்ததும் அல்ல. அது நமக்காக வைத்தது. "என்னைத் தெரிந்துகொள், நான் இவர்களுக்கு வேண்டியவன், நாளைக்கு ஒரு பஞ்சாயத்து என்றால் என்னிடம் வா" என்று நமக்குச் சொல்வதற்காக. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் காரியம் முடிந்துவிடுகிறது. வாடகை கிடையாது, வரி கிடையாது.

பக்கத்து வடலூரில் தைப்பூசம் வரும்போது கவனித்துப் பாருங்கள். 1867-ல் தருமச்சாலை தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டவர் வள்ளலார். சோதி தரிசனத்துக்கு வருகிறவர்களை வரவேற்கும் பேனர்கள் சிலவற்றில் அவர் தபால்தலை அளவில் ஒரு மூலையில் இருக்கிறார். வரவேற்கிறவர் ஆளுயரத்துக்கு நிற்கிறார்.

சரி, இது வெறும் தற்பெருமை, ஊருக்கு ஊர் உள்ளதுதான் என்று விட்டுவிடலாமா? முடியாது. ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் பாடம் எடுத்தவன், பழக்கம் விடவில்லை.

இருபதுக்குப் பத்து அடி பேனர் என்றால் கிட்டத்தட்ட பதினெட்டரை சதுர மீட்டர். காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து மோதினால் சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ எடை அளவுக்கு அழுத்தும். மொத்தம் 300 கிலோவுக்கு மேல். நம் பக்கம் ஆடி மாதத்திலும் கோடை மழைக்கு முன்னாலும் இப்படிக் காற்று அடிப்பது அதிசயம் இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 120 கிலோமீட்டர் வேகத்தில் அதே பேனரைத் தள்ளுகிற விசை 1,200 கிலோவைத் தாண்டிவிடும். 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் வந்தபோது நம் மாவட்டத்து முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்ததை மறந்துவிட்டீர்களா? ஆணிவேர் விட்ட மரமே நிற்கவில்லை. நாம் என்ன செய்கிறோம்? சவுக்குக் கம்பை ஒரு அடிப் பள்ளத்தில் நட்டு, கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி, பிளக்ஸை இறுக்கிக் கட்டி, அதன் கீழேயே பஸ்ஸுக்கு நிற்கிறோம். ஒரு பாய்மரத்தைத் தரையில் நட்டுவிட்டு அதன் நிழலில் பிள்ளைகளை நிறுத்திவைப்பதற்குச் சமம் இது.

பெரிய இரும்புச் சட்டங்களே தாங்குவதில்லை. 2023 ஜூன் 1-ம் தேதி கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை பொருத்திக்கொண்டிருந்தபோது சட்டம் சரிந்து தொழிலாளர்கள் மூன்று பேர் செத்தார்கள். 2024 மே 13-ம் தேதி மும்பை காட்கோபரில் 120-க்கு 120 அடி ராட்சதப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். நம் பக்கத்து மாவட்டம் விழுப்புரத்தில் 2021 ஆகஸ்டில் கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்காகக் கொடிக்கம்பம் நட்ட ஒரு சிறுவன் மின்கம்பி உரசிச் செத்தான். பள்ளிக்கூடத்துப் பையன். கம்பம் நட அவனை யார் கூப்பிட்டது என்ற கேள்வி நான்கு நாள் ஓடியது. அப்புறம் அடுத்த கல்யாணம் வந்தது, அடுத்த கம்பமும் வந்தது.

காற்று அடிக்காத நாளிலும் ஆபத்து இருக்கிறது. நெடுஞ்சாலையைக் கடக்கிற இடத்தில் நின்று பாருங்கள். பெரியவர்களாகிய நாம் நின்றால் பேனரின் மேல் விளிம்பைத் தாண்டிக்கூடக் கொஞ்சம் பார்வை போகாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை நின்றால்? அதன் கண் உயரம் நாலு அடி. பேனரைத் தாண்டிச் சாலைக்குள் இரண்டு எட்டு வைத்த பிறகுதான் வருகிற லாரி அதற்குத் தெரியும். லாரிக்காரருக்கும் அப்போதுதான் பிள்ளை தெரியும். முகம் காட்டுவதற்காக வைத்த பேனர் அந்த இடத்தில் இருக்கிற உயிரை மறைக்கிறது.

அடுத்து நான் எழுதப்போவது சிலருக்குக் கோபம் வரவழைக்கும். வரட்டும்.

மஞ்சள் நீராட்டு விழாப் பேனர். எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம், இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். நன்றாகப் படிப்பாள், கையைத் தூக்கிக்கொண்டே இருப்பாள். அவளுக்குச் சடங்கு செய்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் பத்தடி உயரத்துக்கு அவள் படம். பட்டுப் பாவாடை, ஒட்டியாணம், உதட்டுச் சாயம். மேலே ஒரு பக்கம் தாய்மாமன், இன்னொரு பக்கம் தாய்மாமனுடைய கட்சித் தலைவர். சடங்கு முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். முதல் பெஞ்சில் இருந்தவள் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் கை மேலே எழவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பையன்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதை மற்றப் பெண் பிள்ளைகள் எங்கள் ஆசிரியை ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு குழந்தையின் உடம்பில் நடந்த மாற்றத்தைத் தேசிய நெடுஞ்சாலையில் போகிற எல்லோருக்கும் அறிவிப்பதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தப் பெண்ணிடம் கேட்டோமா? கேட்டாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை "வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட முடியுமா?

"அது நம்ம பாரம்பரியம் சார்" என்பார்கள். இல்லை ஐயா. வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, உறவுக்காரப் பெண்களிடம் சொல்லிவிட்டு வந்ததுதான் பாரம்பரியம். வருகிறவர்கள் யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். ராஜஸ்தான் லாரி டிரைவருக்கும் பக்கத்து ஊர் ரவுடிக்கும் படம் போட்டுக் காட்டுவது எந்தப் பாட்டி சொல்லிக்கொடுத்த பாரம்பரியம்? பிளக்ஸ் அடிக்கிற இயந்திரம் நம் பக்கம் வந்தே இருபது, இருபத்தைந்து வருடம்தான் ஆகிறது.

பயிற்சி மையங்களும் சில பள்ளிக்கூடங்களும் இதே வேலையை வேறு விதமாகச் செய்கின்றன. முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்று பிள்ளைகளின் படத்தைப் போட்டுச் சாலை முழுக்கக் கட்டுகிறார்கள். பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. படம் வராத பிள்ளைகள் மனம் நொந்துபோகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். அரசு கைவிட்டதை நாம் கம்பத்தில் கட்டுகிறோம்.

சுவரொட்டி விஷயத்துக்கு வருகிறேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை நான் எதிர்க்கவில்லை. ஒருவர் இறந்த செய்தி ஊருக்குத் தெரிய வேண்டும், அடக்கம் எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். வாட்ஸ்அப் பார்க்காத கிழவர், கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுவரொட்டியின் கதி என்ன? மூன்றாம் நாள் அதன் மேல் பாதியில் பிறந்தநாள் வாழ்த்து ஒட்டுகிறார்கள். இறந்தவரின் மூக்குக்குக் கீழே இன்னொருவரின் கைகூப்பிய கைகள். மேலே 'இமயம் சரிந்தது', கீழே 'பல்லாண்டு வாழ்க'. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிற பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. ஒட்டியவனுக்கு ஒரு சுவர், அவ்வளவுதான்.

மரங்களுக்கும் இதே கதி. சாலை அகலமாக்கும்போது ஓரத்துப் புளியமரங்கள் போய்விட்டன. மிச்சம் இருக்கிற வேம்பிலும் புங்கையிலும் தகரப் பலகையை ஆணி அடித்து மாட்டுகிறோம். போர்வெல், இன்வெர்ட்டர், வீட்டுக்கடன், 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்'. ஆணி அடித்த இடம் காயம். அதன் வழியாகப் பூச்சியும் பூஞ்சையும் உள்ளே போகும். ராமநாதபுரம் பக்கம் ஒரு காவலர் தன் ஓய்வு நேரத்தில் மரம் மரமாகப் போய் ஆணி பிடுங்குகிறார் என்று படித்திருப்பீர்கள். அவர் ஊர் ஆணியை அவர் பிடுங்குகிறார். நம் ஊர் ஆணியை யார் பிடுங்குவது?

விழா முடிந்த பிளக்ஸ் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். கொஞ்சம் மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போகிறது, அது நல்லது. தலைவர்கள் மாட்டுக்காவது நிழல் தருகிறார்கள். மிச்சத்தைக் குப்பையோடு போட்டுக் கொளுத்துகிறார்கள். அது பி.வி.சி. எரித்தால் அமிலப் புகையும் டையாக்ஸினும் வரும். சாம்பல் தூசிக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன, இதையும் சேர்த்துச் சுவாசிப்பதற்கு?

"சட்டம் இல்லையா சார்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொது இடங்களை விளம்பரங்களால் உருக்குலைப்பதைத் தடுக்கச் சென்னை மாகாணம் சட்டம் போட்ட ஆண்டு 1959. நானும் அதே ஆண்டில்தான் பிறந்தேன். நான் படித்து, வேலைக்குப் போய், 2017-ல் ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தச் சட்டம் இன்னும் வேலைக்கே சேரவில்லை.

நீதிமன்றம் சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வரிசையைப் பாருங்கள். 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.வைத்தியநாதன் உத்தரவிட்டார். (அது பிறகு மேல்முறையீட்டில் நிற்கவில்லை.) அடுத்த மாதமே, நவம்பர் 24-ம் தேதி, கோவை அவிநாசி சாலையில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையை மறித்து வைத்த அலங்கார வளைவு இருந்த இடத்தில், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு இளைஞர் விபத்தில் செத்தார். அவரைக் கொன்றது யார் என்று மக்கள் சாலையிலேயே எழுதி வைத்தார்கள். 2018 டிசம்பரில் மாநிலம் முழுக்க டிஜிட்டல் பேனர் வைக்க உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. டிராபிக் ராமசாமி ஐயா வருடக்கணக்காக வழக்கு நடத்தி, தன் கையாலேயே பேனரைக் கிழித்து வந்ததற்குக் கிடைத்த பலன் அது. ஒன்பது மாதம் கூட ஆகவில்லை. 2019 செப்டம்பர் 12-ம் தேதி சென்னை பள்ளிக்கரணையில் கல்யாணப் பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுத வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சாலைக்கு வண்ணம் பூச இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று நீதிபதிகள் அரசைக் கேட்டார்கள்.

அந்த வாரம் எல்லாக் கட்சிகளும் 'இனி பேனர் வைக்க மாட்டோம்' என்று அறிக்கை விட்டன. நடிகர்கள் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, மாமல்லபுரத்துக்கு வரும் பிரதமரையும் சீன அதிபரையும் வரவேற்கப் பேனர் வைக்க வேண்டும் என்று அரசுத் தரப்பே நீதிமன்றத்துக்குப் போனது. எந்தக் கட்சி என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆண்ட கட்சி, ஆளும் கட்சி, ஆளப்போவதாகச் சொல்கிற கட்சி, சாதிச் சங்கம், ரசிகர் மன்றம், கோயில் கமிட்டி என்று எல்லோருடைய சவுக்குக் கம்பும் ஒரே பள்ளத்தில்தான் நிற்கிறது.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். ஆர்ச் கேட்டுக்கு உள்ளே போய்ப் பாருங்கள். அகலச் சாலை, இரண்டு பக்கமும் மரம், வட்டத்துக்கு வட்டம் பெயர்ப் பலகை. பேனரே கிடையாது என்று சொல்ல மாட்டேன், தொழிற்சங்கத் தேர்தல் வந்தால் அங்கேயும் திருவிழாதான். ஆனால் தேர்தல் முடிந்தால் இறங்கிவிடுகிறது. கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் நாம். உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் வேறு வேறு ஜாதி மனிதர்களா? இல்லை. உள்ளே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்தானே இங்கே வந்து வீடு கட்டியிருக்கிறார்கள். உள்ளே குவார்ட்டர்ஸில் இருந்தபோது சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டாதவர், வெளியே வந்ததும் பேரனுக்குப் பதினைந்தடி பேனர் வைக்கிறார். மனிதர் அதேதான். உள்ளே அந்த இடத்துக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு என்று அவருக்குத் தெரியும். வெளியே எவரும் இல்லை என்பதும் தெரியும்.

பொறுப்பாளர் இல்லாமல் போனது எப்படி? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வடக்குத்து நகரம் மாதிரிக் கணக்கிடப்படுகிற ஊர். நிர்வாகத்தில் கிராம ஊராட்சி. நகரத்தின் நெருக்கடி எல்லாம் உண்டு, நகராட்சியின் ஆள்பலமும் பணபலமும் கிடையாது. சாலை ஓரத்தில் பத்தடி நடந்தால் போதும், முதல் இரண்டடி நெடுஞ்சாலைக்குச் சொந்தம், அங்கே நிற்கிற கம்பம் மின்வாரியத்துக்குச் சொந்தம், அதற்கு அந்தப் பக்கம் ஊராட்சி, அதற்கும் அப்பால் தனியார் சுவர். பேனரின் ஒரு கால் ஒருவர் எல்லையிலும் மறு கால் இன்னொருவர் எல்லையிலும் நிற்கும். நான் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முதல் இடத்தில் "அந்தக் கால் எங்க லிமிட் இல்லை சார்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் "கம்ப்ளைண்ட்ல யார் பேனர்னு பேரு போட்டுக் குடுங்க, அப்பத்தான் எடுக்க முடியும்" என்றார்கள். பத்தடி உயரத்துக்குப் பெயரும் படமும் போன் நம்பரும் போட்டு நிற்கிறவரின் பெயரை நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்! மூன்றாவது இடத்தில் இருந்தவர் நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார்: "ஐயா, எடுத்துடலாம். எடுத்த பிறகு நான் இந்த ஊர்ல வேலை பாக்கணுமே."

அந்த ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் பின்னால் நிற்காத இடத்தில் ஒரு கடைநிலை ஊழியர் மட்டும் எப்படி வீரனாக இருப்பார்?

எதிர்த்துச் சொல்லப்படுவது இரண்டு. முதலாவது, பிளக்ஸ் கடைக்காரர் பிழைப்பு. நியாயமான கவலை. ஆனால் இந்த பிளக்ஸ் வந்தபோது கையால் எழுதிய ஓவியர்கள் எத்தனை பேர் தூரிகையைக் கீழே வைத்தார்கள்? அன்று யாரும் அவர்கள் பிழைப்பைப் பற்றிப் பேசவில்லை. பிளக்ஸ் கடைக்காரருக்குக் கடைப் பலகை, மண்டபத்துக்குள் வைக்கிற பேனர், மேடைப் பின்னணி என்று வேலை இருக்கிறது. மண்டபத்துக்குள் உங்கள் பேரன் படத்தைக் கூரை முட்ட வையுங்கள், நான் வந்து மொய் எழுதிவிட்டுப் போகிறேன். சாலையில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது, கருத்துரிமை. இதைச் சொல்கிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். பக்கத்துப் பாண்டிச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1881 ஜூலை 29-ம் தேதி ஒரு சட்டம் போட்டார்கள். பத்திரிகைச் சுதந்திரத்துக்கான சட்டம் அது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று திறந்துவிட்ட அதே சட்டத்தில்தான், எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக்கூடாது என்பதும் இருந்தது. இன்றைக்கும் பிரான்சில் பழைய சுவர்களில் 'ஒட்டாதே' என்று எழுதி அந்தச் சட்டத்தின் தேதியையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். பேசுகிற உரிமை வேறு, அடுத்தவர் சுவர் வேறு என்பதை அவர்கள் ஒரே சட்டத்தில் தெளிவாக்கிவிட்டார்கள்.

முடியாத காரியம் என்று தலையாட்டுகிறவர்களுக்கு இன்னொரு ஊர். பிரேசிலின் சாவ் பாவ்லோ, கோடிக்கணக்கான மக்கள் இருக்கிற நகரம். 2007-லிருந்து சாலையோர விளம்பரப் பலகை முழுவதையும் அங்கே தடை செய்தார்கள். ஆயிரக்கணக்கான பலகைகள் இறங்கின. வியாபாரம் படுத்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். நகரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பலகைகள் இறங்கியபோது அவற்றுக்குப் பின்னால் அதுவரை மறைந்திருந்த குடிசைப் பகுதிகள் வெளியே தெரிந்தன. நம் பேனர்களை இறக்கினாலும் சில தெரியும். அடைத்துக்கொண்ட சாக்கடை தெரியும், நிழற்குடையின் உடைந்த இருக்கை தெரியும். தெரியட்டும். தெரிந்தால்தான் கேட்க முடியும்.

அவ்வளவு பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற இடங்களில் இரண்டு பக்கமும் ஐம்பது மீட்டருக்கு எதுவுமே வைக்கக் கூடாது, தலைவர் படமாக இருந்தாலும் சரி, சாமி படமாக இருந்தாலும் சரி. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண் பிள்ளையின் சடங்குப் படத்தைப் பொது இடத்தில் வைக்கக் கூடாது. அஞ்சலி அறிவிப்புக்கும் மற்ற நோட்டீஸுக்கும் ஊரில் நாலு இடத்தில் ஊராட்சியே பலகை வைத்துத் தரட்டும், சின்னக் கட்டணம் வாங்கட்டும், பத்து நாளில் தானே கழற்றட்டும். ஊர்ப் பெயர்ப் பலகையிலும் மரத்திலும் எவரும் கை வைக்கக் கூடாது. பேனர் அச்சிடுகிற கடைக்காரர்கள் அனுமதி எண் இல்லாமல் வெளியிடப் பேனர் அடித்துத் தர மாட்டோம் என்று அவர்களாகவே கூடிப் பேசி முடிவெடுத்தால் இன்னும் நல்லது. இரண்டு பேரிடம் பேசிவிட்டேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் "அவர் நிறுத்தினா நானும் நிறுத்தறேன் சார்" என்றார். அவரும் பாதி சரி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

தேர்தல் வந்தால் சுவர்கள் இன்னும் மோசமாகும். அதற்கு முன் இதை முடிக்க வேண்டும்.

தீர்மானத்தின் வரைவை எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். இதுவரை 41 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் 26 பேர் பெண்கள். நம் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் போடலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். போன் செய்துவிட்டு வாருங்கள், பேனா நான் தருகிறேன். வரமுடியாத பெரியவர்கள் இருந்தால் தெருவையும் வீட்டையும் எனக்குத் தனியாகச் செய்தியில் அனுப்புங்கள், நானே தாளை எடுத்துக்கொண்டு வருகிறேன். கருத்துப் பெட்டியில் கட்சிச் சண்டை போடுகிறவர்களின் பதிவை நீக்கிவிடுவேன், என் சுவரில் அனுமதி இல்லாமல் ஒட்டக்கூடாது.